மாயாஜால நாவல்: ஒரே படமா, ஆறு எபிசோடா?

திரைக்கதையில் ஒரு பக்கம் என்பது திரையில் ஏறக்குறைய ஒரு நிமிடம். சினிமாவுக்கு 120 பக்கம் கிடைக்கும். 50 நிமிட எபிசோடுகள் ஆறு என்றால் 300 பக்கம். 600 பக்க நாவலைப் படமாக்கும்போது முதலில் கிளைக்கதைகள் போகும், அடுத்து இரண்டு மூன்று பாத்திரங்களை ஒன்றாக்க வேண்டிவரும். இவற்றைவிடப் பெரிய இழப்பு, மந்திரத்துக்கான விதிகள் காணாமல் போவது. மந்திரத்துக்கு என்ன விலை என்று முன்பே தெரியாவிட்டால், கிளைமாக்ஸில் நாயகி தப்பிப்பது வெறும் அதிர்ஷ்டமாகத்தான் படும்.

மினி சீரிஸில் இதை நிதானமாக விதைக்கலாம். உதாரணமாக, முதல் எபிசோடில் நாயகி மந்திரத்தால் விளக்கேற்றுகிறாள், விரல்நுனி மரத்துப்போகிறது. மூன்றாவதில் மணிக்கட்டு வரை. ஆறாவதில் அவள் கை தூக்கத் தயங்கினாலே போதும், யாரும் வசனத்தில் விளக்க வேண்டியதில்லை. சுசன்னா கிளார்க்கின் ‘ஜொனாதன் ஸ்ட்ரேஞ்ச் அண்ட் மிஸ்டர் நாரல்’ (2004) நாவலை பிபிசி 2015இல் ஏழு எபிசோடுகளாக எடுத்தது. அடிக்குறிப்புகள் நிறைந்த அந்தப் பெரிய புத்தகத்துக்கு இரண்டு மணி நேரம் எப்படிப் போதும்?

ஆனால் அத்தியாயங்களை ஆறு பங்காக வெட்டினால் மட்டும் சீரிஸ் ஆகிவிடாது. பயணமும் பேச்சும் நடுவில் குவிந்து, நான்காவது எபிசோடு தொய்ந்துவிடும். ஒவ்வொன்றுக்கும் தனிக் கேள்வியும் அதற்கொரு முடிவும் வேண்டும். கிராஃபிக்ஸ் செலவை முதலிலும் கடைசியிலும் வைத்துக்கொண்டு, நடுவில் டிராகனை நிழலாகவும் சத்தமாகவும் காட்டலாம்.

250 பக்க நாவல், ஒரே நாயகன், ஒரே தேடல் என்றால் தயங்காமல் படமாகவே எடுங்கள்.