தேங்காயை விலக்கச் சொன்ன செயலி: 14 வாரப் பாவனைக்குப் பின்

வாரம் முழுவதற்குமான சமையலை ஞாயிற்றுக்கிழமை பின்னேரமே தீர்மானித்து, அதற்கு வேண்டிய சாமான் பட்டியலையும் தானே தயாரித்துத் தரும் கைப்பேசிச் செயலி ஒன்றைத் தெகிவளையிலுள்ள எங்கள் வீட்டில் 14 வாரங்களாகப் பயன்படுத்தி வருகிறோம். மாதக் கட்டணம் 4 டொலர்; வங்கி அட்டையில் கழிபடும்போது அது 1,200 ரூபாவைத் தாண்டிவிடுகிறது. செயலியின் பெயரை இங்கே எழுதவில்லை. இதற்கு முன் ஒவ்வொரு மாதம் வைத்திருந்து கைவிட்ட வேறு இரண்டு செயலிகளும் இதே அச்சில் வார்க்கப்பட்டவையாகவே இருந்தன. ஆகையால் நான் சொல்லவிருக்கும் குறைகளை ஒரு நிறுவனத்தின் தலையில் மட்டும் கட்டுவது நியாயமாகாது.

எங்கள் வீட்டில் ஐந்து பேர். 11 வயது மகளுக்குச் சீலியாக் நோய். கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களிலுள்ள குளூட்டன் என்ற புரதம் அவளுக்கு வாழ்நாள் முழுவதும் ஆகாது. 7 வயது மகனுக்கு மரமுந்திரிகைப் பருப்பு, அதாவது கொழும்பில் நாங்கள் கஜு என்று சொல்வது, ஒவ்வாது. அதற்கு நெருங்கிய உறவான பிஸ்தாவையும் வைத்தியர் சேர்த்தே நிறுத்தியிருக்கிறார். கணவருக்குப் பாலிலுள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரை செரிப்பதில்லை. மாமிக்கு ஒவ்வாமை ஏதும் இல்லை, அபிப்பிராயங்கள் உண்டு. நான் எதையும் சாப்பிடுவேன். எங்கள் வீட்டில் அது ஒரு தகுதியாகக் கருதப்படுவதில்லை.

மேலோட்டமாகப் பார்த்தால் மூவருடைய பிரச்சினையும் ‘ஆகாத சாப்பாடு’ என்ற சொல்லுக்குள் அடங்கிவிடும். ஆனால் மகளுக்கு அளவு என்ற பேச்சுக்கே இடமில்லை. ஓர் உணவைக் குளூட்டன் அற்றது என்று சொல்வதற்குக் கோடெக்ஸ் எனப்படும் சர்வதேச உணவு நியமம் அனுமதிக்கும் எல்லை கிலோவுக்கு 20 மில்லிகிராம் மட்டுமே; எனவே அரிசி மாப் புட்டில் ஒரு கரண்டி கோதுமை மா கலந்தாலும் அவளைப் பொறுத்தவரை அது கோதுமைப் புட்டுத்தான். மகன் விடயத்தில் அஞ்ச வேண்டியது சில நிமிடங்களுக்குள் வீங்கக்கூடிய உதட்டையும் தொண்டையையும். கணவருடையது முழுக்க அளவைப் பொறுத்தது: மத்தியானச் சோற்றோடு இரண்டு கரண்டி தயிர் அவரை ஒன்றும் செய்யாது, ஏனென்றால் பால் புளித்துத் தயிராகும்போது லாக்டோஸின் ஒரு பகுதி குறைந்துவிடுகிறது, ஆனால் ஒரு கோப்பை பால்மாத் தேநீர் குடித்தாரென்றால் ஒரு மணித்தியாலத்துக்குள் வயிறு பொருமத் தொடங்கிவிடும். செயலியில் இம்மூவருக்கும் இருப்பதோ ஒரே வகையான ஆளி. விலக்கலாம், அல்லது அனுமதிக்கலாம். ‘கொஞ்சம்’ என்ற நிலை அதற்குத் தெரியாது. ஆகவே முதல் வாரத்திலேயே தயிரும் மோரும் எங்கள் மேசையிலிருந்து காணாமற் போயின.

அதே வாரத்தில் தேங்காயும் போயிற்று. மகனுக்காக ‘மரக்கொட்டைகள்’ என்ற பெட்டியில் சரி அடையாளம் இட்டதும், சொதி, சம்பல், வறை, பால்கறி என்று நாங்கள் உள்ளிட்டிருந்த சமையற்குறிப்புகளுள் பெரும்பாலானவை ஒரே கணத்தில் சிவப்பாயின. காரணத்தைத் தேடிப் பார்த்தபோதுதான் விளங்கியது: அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் தன் ஒவ்வாமைப் பட்டியலில் தேங்காயை நீண்ட காலம் மரக்கொட்டைகளோடு சேர்த்தே வைத்திருந்து, 2025 ஜனவரியில்தான் நீக்கியது, செயலி இன்னும் பழைய பட்டியலைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. தேங்காய் இல்லாமல் அது வகுத்துத் தந்த வாரத்தில் மூன்று இரவுகளுக்குப் பச்சை இலைகளும் அவித்த கோழியும் இருந்தன. மாமி கைப்பேசியை வாங்கிக் கண்ணாடியை உயர்த்திப் பார்த்துவிட்டு, “உதென்ன பிள்ளை, வருத்தக்காரருக்குக் குடுக்கிற சாப்பாடோ?” என்று கேட்டார். கஜுவையும் பிஸ்தாவையும் மட்டும் தனித்தனியாகத் தெரிவு செய்யும் வசதி அமைப்புகளுக்குள் நான்கு படி கீழே ஒளிந்திருக்கிறது; அதை நான் கண்டுபிடித்தது மூன்றாவது வாரத்தில். வாங்குகிறவர்கள் முதல் நாளே அங்கே போய்விடுவது நல்லது.

இவையெல்லாம் சிரித்துவிட்டுப் போகக்கூடிய குறைகள். சிரிக்க முடியாத குறை ஒன்று உண்டு.

மாமியின் புட்டுச் செய்முறையை அவரே சொல்லச் சொல்ல நான் தட்டச்சுச் செய்தேன். “அரிசி மா ஒரு சுண்டு, அமெரிக்கன் மா அரைச் சுண்டு, அளவா உப்பு, கொதிச்சு ஆறின தண்ணி, தேங்காய்ப்பூ.” யாழ்ப்பாணத்தில் அவருடைய தலைமுறையினர் கோதுமை மாவை அப்படித்தான் அழைப்பார்கள். செயலிக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்க நியாயமில்லை. அதில் எனக்குக் கோபமுமில்லை. ஆனால் பெயர் தெரியாத பொருளைக் கண்டதும் ‘இது என்னவென்று எனக்குத் தெரியவில்லை’ என்று அது கேட்டிருக்க வேண்டும். கேட்காமல், மகளின் பெயருக்கு நேரே பச்சை அடையாளம் ஒன்றை இட்டு, செவ்வாய் இரவுக்கு அந்தப் புட்டையே பரிந்துரைத்தது. ‘அவித்த மா’ என்று எழுதிப் பார்த்தேன், பச்சை. தோசை மாவில் நாங்கள் காலங்காலமாகச் சேர்த்து வந்ததும் அந்த அவித்த கோதுமை மாவைத்தான். ‘ரவை’ என்று தமிழில் எழுதியபோதும் பச்சையே வந்தது. அறியாததைப் பாதுகாப்பானதென்று எண்ணிக்கொள்ளும் ஒரு கருவி, ஒவ்வாமை உள்ளவர்களின் வீட்டில் வெறும் தாளைவிட ஆபத்தானது. தாளை எவரும் நம்பிக் கண்ணை மூடிக்கொள்வதில்லை.

கோதுமை பெயர் மாறி வரும் இடங்கள் நம் சமையலில் அநேகம். கடைகளில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மா கலந்திருக்கும். சோயா சோஸ் வழக்கமாகக் கோதுமையும் சேர்த்தே புளிக்க வைக்கப்படுகிறது. மோல்ற் பானங்களில் இருப்பது பார்லி. கடை இடியப்பம் அரிசி மாவில் மட்டும் பிழிந்ததா என்பதை விற்பவரிடம் கேட்டாலும் நிச்சயமாகச் சொல்ல மாட்டார். மில்லில் அரைக்கும் அரிசி மாவுக்கும் இதே கதிதான். நமக்கு முன் அந்த இயந்திரத்தில் என்ன அரைபட்டதென்பது நமக்குத் தெரியாது. கடைசியில் சிவப்பரிசியை ஊற வைத்து, வடித்து, வீட்டிலேயே அரைத்து, அரித்து, வறுத்து வைப்பதென்று முடிவெடுத்தோம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சனிக்கிழமைக் காலை அந்த வேலைக்கே சரியாகிவிடும்.

பாத்திரங்களையும் சொல்ல வேண்டும். நாங்கள் புட்டு அவிப்பது பனையோலை நீத்துப்பெட்டியில். எவ்வளவு கழுவினாலும் ஓலையின் பின்னல்களுக்குள் பழைய மா காய்ந்து வெள்ளைக் கோடாக நிற்பதை வெயிலில் பிடித்துப் பார்த்தால் காணலாம். மூங்கில் இடியப்பத் தட்டுகளும் அப்படித்தான். மகளுக்கென்று ஒரு புதிய நீத்துப்பெட்டியும், ஆறு தட்டுகளும், ஓர் அரிதட்டும் வாங்கி, விளிம்பில் சிவப்பு நூல் கட்டி, அவற்றைக் குசினியின் எதிர்ச் சுவரில் தொங்கவிட்டிருக்கிறோம். செயலியில் பாத்திரங்களுக்கென்று ஓர் இடம் கிடையாது. எனவே மகளுக்கான ஒவ்வொரு செய்முறையின் தலைப்பிலும் ‘சிவப்பு நூல்’ என்று எழுதி வைத்தேன். அது வேலை செய்கிறது.

இன்னொன்றையும் எச்சரிக்கையாகச் சொல்லிவிடுகிறேன். வயிற்றுப் பொருமல் என்று பதிவு செய்தால், இரண்டு வாரம் கோதுமையை நிறுத்திப் பார்க்கும்படி செயலி ஆலோசனை தருகிறது. சீலியாக் நோய்க்கான இரத்தப் பரிசோதனை, கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது செய்தால்தான் சரியாகக் காட்டும். முன்கூட்டியே நிறுத்திவிட்டால் நோய் இருந்தும் இல்லையென்று முடிவு வரக்கூடும். முதலில் வைத்தியர், பிறகுதான் திட்டம். அந்த ஆலோசனைப் பகுதியை நான் நிரந்தரமாக மூடி வைத்திருக்கிறேன்.

இனித் தோட்டம். 10 பேர்ச் நிலத்தில் வீடு போக மிஞ்சியதைத் தோட்டம் என்பது சற்று அதிகம்தான். மதில் ஓரத்தில் வீடு வாங்கும்போதே நின்ற ஈரப்பலா, ஒரு முருங்கை, இரண்டு வாழை, கறிவேப்பிலை, பந்தலில் பயற்றை, தொட்டிகளில் வல்லாரை, பொன்னாங்காணி, பசளி, கொச்சி மிளகாய். மரங்கள் தவிர மற்றவை 2022 இல் வந்தவை. வீட்டுத்தோட்டம் செய்வதற்காக அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை கொடுத்த அந்த நாட்களில் மாமி நட்டுத் தொடங்கினார். செயலி வேலை செய்யும் திசை உணவிலிருந்து பட்டியலுக்கும், பட்டியலிலிருந்து கடைக்கும் போவது. தோட்டமுள்ள வீட்டில் வழி நேர்மாறானது: காலையில் மரத்தைப் பார்த்த பிறகே இரவுச் சாப்பாடு முடிவாகும். புதன்கிழமைக்கு லீக்ஸும் கரட்டும் என்று செயலி சொல்லியிருக்க, செவ்வாய் மாலை ஐந்து ஈரப்பலாக்காய்கள் ஒன்றாக முற்றி நிற்கும். பறித்தால் இரண்டு மூன்று நாட்களுக்குள் இளகிவிடும், பறிக்காவிட்டால் விழுந்து சிதறும். அயலவருக்குக் கொடுக்கலாமென்றால் அவர்களுடைய மரமும் அதே கிழமையில்தான் காய்த்திருக்கும். மழை தொடங்கியபின் கதை மாறும். ஆபிரிக்க நத்தைகள் ஒரே இரவில் பசளித் தொட்டியைக் காம்போடு முடித்துவிட்டுப் போன மறுநாள், செயலி உற்சாகமாகப் ‘பசளிப் பருப்பு’ என்று நினைவூட்டியது.

கையிருப்பைக் கிராமில் கேட்கிறது. ஒரு பிடி முருங்கையிலை எத்தனை கிராம் என்று இதுவரை எங்கள் வீட்டில் எவரும் நிறுத்துப் பார்த்ததில்லை. பார்த்தேன், என்னுடைய பிடியும் மாமியின் பிடியும் ஒன்றல்ல. இப்போது எல்லாவற்றுக்கும் 100 என்று போட்டுவிடுகிறேன்.

இவ்வளவு குறை சொல்லியும் ஏன் வைத்திருக்கிறேன் என்றால், ‘முதலில் பயன்படுத்து’ என்ற ஒரு வசதிக்காக. முற்றிய பொருளை அங்கே குறித்தால், மூவருடைய விலக்குகளையும் ஒன்றாகப் பொருத்தி, எங்கள் செய்முறைகளுக்குள்ளிருந்து பொருந்துவதை மட்டும் எடுத்துக் காட்டுகிறது. வேலை முடிந்து வீட்டுக்கு வந்து களைத்து நிற்கும் ஆறரை மணிக்கு அந்தக் கணக்கை என் தலைக்குள் போடுவதைவிட அது எவ்வளவோ மேல். ஆனால் எங்கள் செய்முறைகள் 46 ஐயும், ஒவ்வொரு மாவுக்கும் உரிய உண்மைப் பெயரோடு, நானே ஏற்றி முடிக்க ஆறு வாரம் பிடித்தது. அதற்கு முன் அது தந்தவை எல்லாம் பிற நாட்டுச் சாப்பாடுகள். தமிழில் எழுதலாம், தேடும்போது எழுத்து ஒன்று பிசகினாலும் கிடைக்காது. மரவள்ளிக் கிழங்குக் கறியில் இஞ்சி சேர்க்கச் சொன்ன அன்று மாமி செயலியோடு பேச்சை நிறுத்திக்கொண்டார். மரவள்ளியும் இஞ்சியும் சேரக்கூடாதென்பது அவருக்கு விவாதத்துக்குரியதே அல்ல.

வெள்ளிக்கிழமையையும் அதற்கு விளங்கப்படுத்த முடியவில்லை. சைவம் என்பது செயலிக்கு ஆளின் குணம். எங்களுக்கோ நாளின் குணம். வெள்ளியில் மச்சம் இல்லை, கந்த சஷ்டி ஆறு நாளும் இல்லை, புரட்டாசிச் சனியில் இல்லை. ஐந்து பேரையும் வியாழன் இரவு சைவமாக்கி, சனிக்கிழமை காலை மச்சத்துக்குத் திருப்பும் வேலையை வாரந்தோறும் கையால் செய்கிறேன். மறந்துவிட்ட ஒரு வெள்ளியில் பட்டியலில் மாசிக் கருவாடு வந்து, கணவரும் கேள்வி கேட்காமல் வெள்ளவத்தைச் சந்தையில் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். பட்டியலை வாட்ஸ்அப்பில் அனுப்பும் வசதி, அந்த ஒரு நாள் தவிர, நன்றாகவே இருக்கிறது.

இப்போது நாங்கள் கையாளும் முறை இது. வாரத்தை ஞாயிறு, வியாழன் என்று இரண்டாகப் பிரித்துத் திட்டமிடுகிறோம்; ஏழு இரவுகளில் மூன்றுக்குத் ‘தோட்டம்’ என்று மட்டும் எழுதி வெறுமையாக விடுகிறோம். சென்ற வாரம் திங்கள் சிவப்பரிசி மா இடியப்பமும் முருங்கைக்காய்ச் சொதியும். செவ்வாய் குரக்கன் புட்டு, மீன் குழம்பு. புதன் தோட்டம், அன்று ஈரப்பலாக்காய்ப் பால்கறி. வியாழனும் தோட்டம், சோற்றோடு பயற்றங்காய்க் கறி. வெள்ளி வல்லாரைச் சம்பல், பருப்பு, கணவருக்கு அளவான தயிர். எல்லோரும் ஒரே சட்டியிலிருந்து சாப்பிட்டோம். மகளுக்கென்று தனியாக எதுவும் சமைக்காத ஐந்து நாட்கள் தொடர்ந்து வந்தது, நோய் கண்டறியப்பட்டதற்குப் பிறகு இதுவே முதல் தடவை.

ஒருவருக்கு மட்டும் ஒவ்வாமை உள்ள வீட்டுக்கு, குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிய தாளே போதும். 1,200 ரூபாவுக்கு ஈரப்பலாவின் அடியில் போடப் பசளை வாங்கலாம். இரண்டு மூன்று பேருக்கு வெவ்வேறு விலக்குகள் இருந்து, முதல் ஆறு வாரம் பொறுமையாகச் செய்முறைகளை ஏற்றவும் ஆயத்தமாக இருந்தால் வாங்கலாம். வருடக் கட்டணமாகக் கட்டினால் கழிவு தருகிறார்கள்; நான் மாதக் கட்டணத்திலேயே நிற்கிறேன். தெரியாத பொருளுக்குப் பச்சைக்குப் பதிலாக மஞ்சள் அடையாளம் இடும்படி கேட்டு, ‘அமெரிக்கன் மா’ உதாரணத்தையும் விளக்கி இரண்டு முறை எழுதிவிட்டேன். இரண்டு முறையும் வந்த பதிலில், குளூட்டன் இல்லாத அமெரிக்க மா வகைகள் விற்கும் கடைகளின் பட்டியலே இருந்தது.