கீபோர்டுக்கு சப்வூஃபர் வாங்கப் போறீங்களா? 14,500 ரூபாயைத் தொலைச்சவ எழுதுறேன், படிச்சுட்டுப் போங்க

காரைக்குடிப் பக்கம் சப்வூஃபர் (பேஸ் சத்தத்துக்குன்னே இருக்கிற ஸ்பீக்கர்) பெட்டியை அவங்களே செஞ்சு விக்கிற ஒரு சவுண்ட் கடையில 14,500 ரூபாய் கொடுத்து ஏமாந்து நிக்கிறேன். வயிறு எரியுது.

வீட்டுல பிள்ளைகளுக்குக் கீபோர்டு சொல்லித் தர்றேன். 61 கீ வச்சது. அதுல இடது பக்கக் கடைசி கீயே 65 ஹெர்ட்ஸ் கிட்ட வரும், ஸ்டைல் (கீபோர்டே கூட வாசிக்கிற பின்னணித் தாளம்) போட்டா பேஸ் இன்னும் கீழே இறங்கும். கூடவே இருக்கிற சின்ன ஸ்பீக்கர்ல அதெல்லாம் கேக்கவே கேக்காது. அதுக்குத்தான் சப்.

கடைக்காரர் வீட்டுக்கே வந்தார். வளவுல (வீட்டு நடு முற்றத்துல) நின்னு கையைத் தட்டி எதிரொலி கேட்டார். "ஆச்சி, சுண்ணாம்புச் சுவரு, கல்லுத் தரை, பேஸ் குமுறும். ஆம்ப் உள்ளேயே வச்சு, லோ பாஸ் நாபும் வச்சுத் தர்றேன், அளவாக் குறைச்சுக்கலாம்"னார். லோ பாஸ்னா மேல் சத்தத்தை வெட்டிட்டு பேஸை மட்டும் விடுறது. கீபோர்டையும் திருப்பிப் பின்னால பார்த்தார். "உங்க வீட்டுக் கல்யாணத்துக்கெல்லாம் எங்க அப்பாதான் மைக் செட்டு"ன்னார். அது நெசம்தான், எங்க மாமியாருக்கே ஞாபகம் இருக்கு. அப்படிப்பட்ட ஆளை எப்படிங்க சந்தேகப்படுறது? காப்பி கொடுத்து, 14,500-ஐயும் மொத்தமா எண்ணிக் கொடுத்தேன். பில் கேட்டா ஒரு துண்டுச் சீட்டு.

பெட்டி வந்துச்சு. அதோட ஒயரைக் கீபோர்டு ஹெட்ஃபோன் ஓட்டையில சொருகினதும் கீபோர்டோட சொந்த ஸ்பீக்கர் நின்னுபோச்சு. பெரும்பாலான கீபோர்டுல அப்படித்தான் இருக்கும், தனியா லைன் அவுட் (வெளி ஸ்பீக்கருக்குச் சத்தம் கொடுக்கிற ஓட்டை) இருந்தாத்தான் தப்பும். பின்னால திருப்பிப் பார்த்தவருக்கு அது தெரியாதா? பாட்டு முழுக்க அந்தப் பெட்டி வழியா குழகுழன்னு வந்துச்சு. நாபை எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரு மாற்றமும் இல்லை. கொஞ்ச நாள்ல கருகுன வாடை, அப்புறம் சத்தமே இல்லை.

போன் பண்ணினா "வோல்டேஜ் பிரச்சினை ஆச்சி". நேர்ல போனா "அண்ணன் மதுரைக்குப் போயிருக்காரு". அடுத்த தடவை "உங்க கீபோர்டுலதான் கோளாறு, கம்பெனிக்காரனைக் கேளுங்க". வாட்ஸப்புல படம் அனுப்பினேன், நீல டிக் விழுந்துச்சு, பதில் வரல. மைக் செட்டுக் கதை சொன்ன வாயி இப்ப என் பேரையே தெரியாத மாதிரி பேசுது.

தேவகோட்டையில ஒரு மெக்கானிக்கிட்ட கொடுத்துத் திறந்தேன். உள்ளே கார்ல மாட்டுற பழைய ஸ்பீக்கர், கருகிப்போன சின்ன ஆம்ப் போர்டு. அந்த லோ பாஸ் நாபுக்குப் பின்னால ஒரு ஒயர்கூட இல்லை. வெறும் நாபை ஒட்டி வச்சிருக்காங்க. இதுக்கு 14,500 ரூபாய்!

என்னென்ன பார்த்து வாங்கணும்னு விவரமா எழுதத்தான் உக்காந்தேன், இப்ப முடியல. இதை மட்டும் பாருங்க: உங்க கீபோர்டுல லைன் அவுட் இருக்கா, இல்லேன்னா சப்புல இருந்து வேற ஸ்பீக்கருக்கு அவுட் இருக்கா. கீபோர்டைக் கடைக்கே தூக்கிட்டுப் போய் வாசிச்சுப் பாருங்க, நாபைத் திருப்பினா சத்தம் மாறணும். முறையான பில் தராதவங்ககிட்ட அட்வான்ஸ்கூட கொடுக்காதீங்க. 1915 நுகர்வோர் உதவி எண்ணுல நான் புகார் சொல்லிட்டேன். இதே மாதிரி பெட்டி வாங்கினவங்க யாராச்சும் இருந்தா, பின்பக்கத்தைக் கழட்டிப் பார்த்துட்டு எனக்கு எழுதுங்க.