கிளைகோஜனா, கொழுப்பா? உடம்பின் இரண்டு சேமிப்புகள்

"சோற்றை நிறுத்தினேன், ஒரே வாரத்தில் இரண்டு கிலோ குறைந்துவிட்டது" என்று யாராவது சொன்னால் நம்பலாம். எடை குறைந்தது உண்மைதான். ஆனால் குறைந்ததில் பெரும்பகுதி தண்ணீர்.

சோறு, இட்லி, சப்பாத்தி எதுவானாலும் குளுக்கோஸாகத்தான் ரத்தத்துக்கு வருகிறது. உடனே செலவாகாததை உடம்பு கிளைகோஜனாக மாற்றி வைக்கிறது: கல்லீரலில் சுமார் 100 கிராம், தசைகளில் 300 முதல் 500 கிராம். ஒவ்வொரு கிராமும் கூடவே ஏறக்குறைய 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். அரை கிலோ கிளைகோஜன் கரைந்தால் ஒன்றரை கிலோ தண்ணீரும் சேர்ந்து போகும். மறுபடி சோறு சாப்பிட்டால் இரண்டும் திரும்பி வரும்.

கொழுப்புக்கு இந்த ஈரச் சுமை கிடையாது. சமையலறையிலேயே இதைப் பார்க்கலாம். 100 கிராம் நல்லெண்ணெயில் சுமார் 900 கலோரி. தண்ணீர் குடித்துப் பொங்கிய 100 கிராம் சோற்றில் 130தான். 60 கிலோ எடையுள்ள ஒருவரிடம் 10 கிலோ கொழுப்பு இருந்தால் அது சுமார் 90,000 கலோரி. அதையே கிளைகோஜனாக வைக்க வேண்டுமென்றால் தண்ணீரோடு சேர்த்து 90 கிலோ சுமக்க வேண்டும். நடக்கவே முடியாது. 2022இல் அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியாவுக்கு 13,560 கிலோமீட்டரை, 11 நாள் எங்கும் இறங்காமல், ஒரு மூக்கன் பறவை பறந்து கடந்தது. கொழுப்பைச் சேர்த்துக்கொண்டு கிளம்பியதால்தான் அது முடிந்தது.

அப்படியானால் கொழுப்பே போதாதா? போதாது, அதை எரிப்பது மெதுவான வேலை. ஆக்சிஜன் இல்லாமல் கொழுப்பு எரியவே எரியாது. பஸ்ஸைப் பிடிக்க ஓடும் அந்த அரை நிமிடத்துக்குத் தசைக்குள் இருக்கும் கிளைகோஜன்தான் கைகொடுக்கும். மாரத்தானில் வேகமாக ஓடுபவர்களுக்கு 30 கிலோமீட்டரைத் தாண்டியதும் கால்கள் கல்லாகிப்போவது இந்த இருப்பு தீர்வதால்தான். உடம்பில் கொழுப்பு அப்போதும் ஏராளமாக இருக்கும், ஆனால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது. மாவுச்சத்தை விஷம் போலப் பேசுபவர்களோடு நான் ஒத்துப்போகாததற்கு இது ஒரு காரணம். மூட்டை தூக்குபவருக்கும் நாற்று நடுபவருக்கும் சோறு வேண்டும்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. தசையில் இருக்கும் கிளைகோஜன் அந்தத் தசைக்கு மட்டுமே. குளுக்கோஸாக ரத்தத்துக்குத் திருப்பித் தரும் என்சைம் தசையில் இல்லை. ராத்திரி நாம் தூங்கும்போது ரத்தத்துக்குக் குளுக்கோஸ் கொடுத்துக்கொண்டிருப்பது கல்லீரல். மூளைக்கு மட்டும் நாளொன்றுக்கு சுமார் 120 கிராம் வேண்டும். கல்லீரலின் இருப்போ ஒரு நாள் பட்டினியிலேயே கிட்டத்தட்ட காலியாகிவிடும்.

அப்புறம்? கொழுப்பு அமிலங்களைக் குளுக்கோஸாக மாற்ற நம் உடம்பால் முடியாது. மூளையும் அவற்றை நேரடியாக எரிப்பதில்லை. பட்டினி தொடர்ந்தால் கல்லீரல் கொழுப்பிலிருந்து கீட்டோன்கள் என்ற மாற்று எரிபொருளைத் தயாரிக்கும், மூளை மெல்ல அதற்குப் பழகிக்கொள்ளும். அதற்குச் சில நாள் பிடிக்கும். அதுவரை வேண்டிய குளுக்கோஸில் கணிசமான பங்குக்குத் தசையில் இருக்கும் புரதத்தை உடைத்துத்தான் ஆக வேண்டும்.

புரதத்தை மூன்றாவது சேமிப்பாக நான் எண்ணாதது இதனால்தான். கிராமுக்கு 4 கலோரி தரும், சரி. ஆனால் எடுத்துச் செலவழிக்கவென்று தனியாக ஒதுக்கி வைத்த புரதம் உடம்பில் இல்லை. இருப்பதெல்லாம் வேலை பார்க்கும் தசையும் உறுப்பும். பத்து நாள் காய்ச்சலில் வெறும் அரிசிக் கஞ்சி குடித்துப் படுத்திருந்த என் அம்மா, எழுந்தபோது நாற்காலிக் கையைப் பிடிக்காமல் நிற்க முடியவில்லை. வயிற்றுக் கொழுப்பு அப்படியே இருந்தது, தொடைதான் மெலிந்திருந்தது. காய்ச்சலும் படுக்கையும் சேர்ந்தால் தசை இன்னும் வேகமாகக் கரையும். அதிகமாகப் புரதம் சாப்பிட்டால் மட்டும் அது தசையாகிவிடாது, தசைக்கு வேலையும் வேண்டும்.

அடுத்த முறை காய்ச்சல் வந்தபோது கஞ்சியில் பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்துச் சேர்த்தோம், சாயங்காலம் ஒரு முட்டை. ஜுரம் விட்ட மறுநாளே வாசல்வரை நடக்கச் சொன்னோம்.