பனங்கட்டி போட்ட பேக்ட் பீன்ஸ்: வீட்டில் கன காலம் செய்த அனுபவம்

ரின் பேக்ட் பீன்ஸ் வாங்குவதை எங்கள் வீட்டில் விட்டுக் கன காலம். காய்ந்த வெள்ளை பீன்ஸை ஊறவைத்து, பனங்கட்டி போட்டு, மெல்லிய சூட்டில் மணிக்கணக்காக வைத்துச் செய்வதுதான் இப்போதைய வழக்கம், இனி ரின்னுக்குத் திரும்பும் எண்ணமும் இல்லை. ஆனால் யாழ்ப்பாணத்தில் இதைச் செய்ய நினைக்கிறவர்கள் முதலில் யோசிக்க வேண்டியது தண்ணீரைப் பற்றி.

எங்கள் நிலத்துக்கு அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். கிணற்றுத் தண்ணீரில் கல்சியம் கூட என்பதைக் கேத்திலுக்குள் பிடிக்கும் வெள்ளைப் படையே காட்டும். அந்தக் கல்சியம் பீன்ஸின் தோலிலும் உள்ளேயும் இருக்கும் பெக்டினை, அதாவது அதைக் கட்டிப் பிடித்து வைத்திருக்கும் பசையை, இறுக்கிப் பிடிப்பதால், எவ்வளவு நேரம் அவித்தாலும் நடுவில் ஒரு மணல் தன்மை நிற்கும். மாரியில் பிடித்து வைத்த மழைத்தண்ணீரோ குடிக்க வாங்கும் ஆர்ஓ தண்ணீரோ இருந்தால் ஊறவைக்கவும் அவிக்கவும் அதையே எடுங்கள். கிணற்றுத் தண்ணீர்தான் என்றால், அரைக் கிலோ பீன்ஸ் அவிக்கும்போது கால் தேக்கரண்டி அப்பச்சோடா போதும், கூடினால் சவர்க்கார வாசம் வரும், பீன்ஸும் குழைந்துவிடும். ஊறவைக்கும்போது லீற்றருக்கு ஒரு மேசைக்கரண்டி உப்பு போட்டால் தோல் வெடிக்காமல் மெதுமையாக வரும். உப்புப் போட்டால் வேகாது என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள், என் அனுபவம் நேர்மாறு.

இரவு முழுக்க ஊறியதும் அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டு, புதுத் தண்ணீரில் பத்து நிமிடமாவது தளதளவென்று கொதிக்க விட வேண்டும். இதைத் தவிர்க்கவே கூடாது, சிவப்பு கிட்னி பீன்ஸ் என்றால் இன்னும் கவனம். அரைகுறை வேக்காட்டில் அதிலுள்ள லெக்டின் என்ற நச்சுப் புரதம் வாந்தி, வயிற்றோட்டம் கொண்டுவரும், கொதிக்க வைக்காமல் நேரே மின்சார ஸ்லோ குக்கரில் போட்டால் அந்த மெல்லிய சூட்டில் நச்சு போகாது. கொதித்த பிறகு சூட்டைக் குறைத்து அவியுங்கள். கரண்டியில் நாலைந்தை எடுத்து மெல்ல ஊதிப் பாருங்கள், தோல் சுருண்டு எழும்பினால் பதம் கிட்ட வந்துவிட்டது. பிறகு ஒன்றை நாக்கில் வைத்து மேலண்ணத்தில் அழுத்தினால் மாவாக நசிய வேண்டும்.

அதுவரை தக்காளி, புளி, பனங்கட்டி எதையும் சட்டிக்குக் கிட்டக் கொண்டுவராதீர்கள். புளிப்புப் பட்டதும் பீன்ஸ் மெதுமையாவது கிட்டத்தட்ட நின்றுவிடும், பனங்கட்டியும் அதை இறுக்கும். ஆனால் வெந்த பிறகு இதே குணம்தான் கைகொடுக்கிறது: மணிக்கணக்காகச் சூட்டில் இருந்தாலும் பீன்ஸ் கரையாமல் முழுசாக நிற்கும்.

அமெரிக்காவின் பொஸ்ரன் பக்கம் இதற்கு மொலாசஸும் (கரும்பில் சீனி எடுக்கும்போது மிஞ்சும் கருத்த பாகு) உப்பிட்ட பன்றிக் கொழுப்பும் போடுவார்கள். எங்களுக்கு மொலாசஸ் தேடி அலையத் தேவையில்லை, குட்டானில் (சின்னப் பனையோலைப் பெட்டி) வரும் பனங்கட்டி இருக்கிறது. அந்தக் கருத்த இனிப்பும் அடியில் தங்கும் மெல்லிய கசப்பும் சீனியில் வராது. அரைக் கிலோ பீன்ஸுக்கு எழுபது எண்பது கிராம் போடுகிறேன். கொழுப்புக்குப் பதில் நல்லெண்ணெய், அதில் பொன்னிறமாக வதக்கிய சின்ன வெங்காயம் கை நிறைய, தக்காளி விழுது, அரைத்த கடுகு, கருக வறுத்த செத்தல் மிளகாய் ஒன்றிரண்டு. கறித்தூள் மட்டும் வேண்டாம், போட்டால் அது இன்னொரு கறி. நல்ல கறியாகவே இருக்கும், ஆனால் நாங்கள் தேடும் ருசி அதுவல்ல.

பிறகு எல்லாவற்றையும் சேர்த்து மூடி போட்டு அவனில் (oven) 150 பாகை செல்சியஸில் மூன்று நாலு மணித்தியாலம், கடைசி அரை மணிக்கு மூடியைத் திறந்து விடுங்கள், மேற்பக்கம் கருத்துப் பிசுபிசுப்பாக வரும். காஸ் கிடைக்காத 2022இல் விறகடுப்புத் தணலில் மண்சட்டியை ஏற்றிச் செய்து பழகினேன், பொறுமை இருந்தால் ருசி அதில்தான் கூட. இடையில் தண்ணீர் வற்றினால் கொதிநீர் மட்டும் ஊற்றுங்கள்.

செலவில் ரின்னைவிட மலிவுதான், ஆனால் விறகோ மின்சாரமோ சேர்த்தால் நினைக்கிற அளவுக்கு மிச்சமில்லை, அதனால் ஒரே தடவையில் ஒரு கிலோ போடுவதுதான் நான் சொல்வேன். ஆறியதும் குளிர்சாதனப் பெட்டியில் மூன்று நாலு நாள் தாங்கும், மிச்சத்தைச் சின்னப் பெட்டிகளில் உறைய வையுங்கள். செய்த அன்றைவிட அடுத்த நாள்தான் ருசி ஊறி நிற்கும், சுட வைத்த ரோஸ் பாணோடு என்றால் எங்கள் வீட்டில் வேறு கறி கேட்க ஆளில்லை. பழைய பீன்ஸ் மட்டும் வாங்காதீர்கள். கடையில் கன நாள் கிடந்த, சுருங்கி மஞ்சளடித்த பீன்ஸை மழைத்தண்ணீரும் அப்பச்சோடாவும் சேர்ந்தாலும் காப்பாற்ற முடியாது.