இன்டர்வியூவில் காட்டியது மூன்றாவது மாடி, உட்கார வைத்தது ஐந்தாவது மாடி

சென்னையில் ஐ.டி. கம்பெனிகள் இருக்கும் ஓ.எம்.ஆர் சாலைப் பக்கம் இன்டர்வியூவுக்குப் போகிறவர்கள், குறிப்பாக வெளியூரிலிருந்து வேலையை விட்டுவிட்டு வரப்போகிறவர்கள், இதைப் படித்துவிட்டுப் போங்கள். கம்பெனி பெயரைப் போடவில்லை. வக்கீல் நோட்டீஸ் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

கோவையில் ஆறு வருடம் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை பார்த்தேன். சோழிங்கநல்லூரில் ஒரு நடுத்தர நிறுவனத்துக்கு விண்ணப்பித்து, முதல் மூன்று சுற்றுகள் வீடியோ காலிலேயே முடிந்தன. கடைசிச் சுற்றுக்கு மட்டும் நேரில் வரச் சொன்னார்கள். "எங்க கல்ச்சரை நீங்க நேர்ல பாக்கணும் மேடம், அதுக்குத்தான்" என்றார் எச்.ஆர். சம்பளத்தோடு பேச்சை முடித்துக்கொள்ளாமல் வேலை செய்யும் இடத்தையும் காட்டுகிறார்களே என்று எனக்கு மனசு நிறைந்துபோனது.

வெள்ளிக்கிழமை மதியம் போனேன். மூன்றாவது மாடி. பெரிய ஜன்னல்கள், தொட்டிச் செடிகள், ஓரத்தில் டேபிள் டென்னிஸ் ஆடிக்கொண்டிருந்த இரண்டு பையன்கள். யாருக்கோ பிறந்தநாள், எனக்கும் ஒரு பேப்பர் தட்டில் கேக் வைத்துக் கொடுத்தார்கள். "இங்க எல்லாரும் ஒரே குடும்பம் மாதிரி." ஐந்தே முக்காலுக்கு ஒவ்வொருவராகப் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள். அதை என் கண்ணால் பார்த்தேன்.

"என் டீம் எங்க உக்காருவாங்க?" என்று கேட்டேன். "மேல ஒரு ஃப்ளோர்ல, இதே மாதிரிதான். இப்ப கிளையன்ட் கால்ல இருக்காங்க, தொந்தரவு பண்ண வேண்டாம்." சரி என்று விட்டுவிட்டேன். அங்கே விட்டிருக்கக் கூடாது.

சேர்ந்த அன்று என் அடையாள அட்டையை மூன்றாவது மாடிக் கதவில் வைத்தேன், சிவப்பு விளக்குதான் எரிந்தது. அது வேறு பிரிவாம், எங்களுக்கு அனுமதி கிடையாது. எங்களுக்கு ஐந்தாவது மாடி. திரையெல்லாம் பகலிலும் இறக்கித்தான் இருக்கும். அமெரிக்க கிளையன்ட், மதியம் இரண்டிலிருந்து இரவு பதினொன்று வரை என்று பேர், ஒரு மணிக்கு முன்னால் கேப் ஏறிய நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆஃபர் லெட்டரை எடுத்துப் பார்த்தால், "நிறுவனத்தின் தேவைக்கேற்ப பணி நேரம் மாறும்" என்று ஒரு வரி இருந்தது. கையெழுத்துப் போடும்போது அதை ஒரு பொருட்டாக நினைக்கவில்லை, ஆறு மணிக்குக் கிளம்புகிறவர்களைத்தான் பார்த்திருந்தேனே.

அதைவிடக் கொடுமை அந்த ஷீட். டீமுக்குப் பொதுவான ஒரு எக்செல் ஷீட் உண்டு. இருக்கையை விட்டு எழுந்தால் நேரம் போட வேண்டும், திரும்பி வந்தால் போட வேண்டும். பத்து நிமிடம் தாண்டினால் கட்டம் சிவப்பாகிவிடும். எல்லோர் கண்ணுக்கும் தெரியும். மாதவிடாய் வந்த மூன்று நாளும் என் வரிசை சிவப்பாகவே இருந்தது. "என்ன பிரச்சினை உங்களுக்கு?" என்று பன்னிரண்டு பேர் நடுவில் டீம் லீட் கேட்டார். தலையைக் குனிந்துகொண்டு ஸாரி சொன்னேன். இன்றைக்கும் அதை நினைத்தால் உடம்பு கூசுகிறது.

யாரிடம் புகார் சொல்வது? பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு இருக்க வேண்டும், அதன் விவரத்தைக் கண்ணில் படும்படி மாட்டி வைக்க வேண்டும் என்கிறது 2013 சட்டம். என் பிரச்சினை அந்தச் சட்டத்துக்குள் வருமா என்பது வேறு விஷயம். குறைந்தது ஒருத்தரிடமாவது பேசலாம் என்று தேடினேன். ஐந்தாவது மாடியில் அப்படி ஒரு பலகையே இல்லை. எச்.ஆரிடம் கேட்டதற்கு மெயில் அனுப்புகிறேன் என்றார். வரவே இல்லை.

ஐந்தாம் மாதம் ராஜினாமா கொடுத்தேன். உடனே பாண்டை, அதாவது இத்தனை மாதம் வேலை செய்வேன் என்ற ஒப்பந்தத்தை, நீட்டினார்கள். பதினெட்டு மாதம் முடிக்காவிட்டால் பயிற்சிச் செலவு ஒன்றரை லட்சம். பயிற்சி என்றால் நான்கு நாள் ஓடவிட்ட வீடியோக்கள். பாண்டெல்லாம் கோர்ட்டில் நிற்காது என்று நண்பர்கள் தைரியம் சொன்னார்கள். வக்கீல் அப்படிச் சொல்லவில்லை. 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில், மூன்று வருடம் வேலை செய்யாவிட்டால் இரண்டு லட்சம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அது தேர்வு நடத்தி ஆள் எடுத்த பொதுத்துறை வங்கி. நாலு நாள் வீடியோவுக்கு ஒன்றரை லட்சமா என்று நாம் வாதாடலாம், ஆனால் வாதாடித்தான் ஆக வேண்டும். வேலையிலிருந்து விடுவித்ததாகச் சொல்லும் ரிலீவிங் லெட்டர் இல்லாமல் அடுத்த வேலை தள்ளிக்கொண்டே போகிறது.

கடைசி வாரம், ஒரு வெள்ளிக்கிழமை, லிஃப்ட் மூன்றாவது மாடியில் நின்றது. கழுத்தில் விசிட்டர் அட்டையோடு ஒரு பெண், கையில் பேப்பர் தட்டில் கேக், பக்கத்தில் அதே எச்.ஆர். என்னால் வாயைத் திறக்க முடியவில்லை.

அவளிடம் சொல்ல முடியாமல் போனதை உங்களிடம் சொல்கிறேன். சுற்றிக் காட்டுகிறேன் என்றால், நான் உட்காரப்போகும் இடத்தைக் காட்டுங்கள் என்று கேளுங்கள். அந்த டீமில் ஒருவரோடு எச்.ஆர் இல்லாமல் பத்து நிமிடம் பேசக் கேளுங்கள். மழுப்பினால் பழைய வேலையை ராஜினாமா செய்யாதீர்கள். பாண்ட் உண்டா என்பதை ஆஃபருக்கு முன்பே மெயிலில் கேட்டு, பதிலை வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், ஊருக்கு பஸ் ஏறுவதற்கு முன் ராத்திரி பத்து மணிக்கு அந்த கேட் எதிரே இருக்கும் டீக்கடைக்குப் போய் ஒரு டீ சொல்லுங்கள். கேப் டிரைவர்கள் அங்கேதான் காத்திருப்பார்கள். எந்த மாடி ஆட்கள் எத்தனை மணிக்கு இறங்கி வருவார்கள் என்று அவர்களுக்குத் தெரியும்.