ஐநூறு கிராம்: ஏர் பிஸ்டலுடன் ஐந்து ஆண்டுகள்

கிருஷ்ணகிரியில் எங்கள் மாங்காய் மண்டியின் பின்கிடங்குதான் என் பயிற்சிக்கூடம். சுவரோரம் பெல்லட்டை, அதாவது சிறு ஈயக் குண்டைப் பிடிக்கும் இரும்புப் பெட்டி. அங்கிருந்து பத்து மீட்டர் அளந்து தரையில் ஒரு சுண்ணாம்புக் கோடு. 2020இல், ஒருவர் பயன்படுத்திய ஐரோப்பிய ஏர் பிஸ்டலை, அதாவது அழுத்தக் காற்றால் சுடும் கைத்துப்பாக்கியை வாங்கினேன். குறி தவறுகிறது என்று அதன்மேல் இன்றுவரை எனக்குப் புகார் கிடையாது. ஆனால் அதைப் போட்டி விதிகளுக்கு உட்பட்டு வைத்திருப்பது தனி உழைப்பு. புதிதாகத் துப்பாக்கி வாங்குகிறவர்கள் என்னிடம் அதிகம் கேட்பதும் அதைப் பற்றித்தான்.

பன்னாட்டு விதிப்படி 10 மீட்டர் ஏர் பிஸ்டலின் குழல் அளவு 4.5 மில்லிமீட்டர். மொத்த எடை 1500 கிராமைத் தாண்டக் கூடாது. 420, 200, 50 மில்லிமீட்டர் உள்ளளவு கொண்ட பெட்டிக்குள் முழுத் துப்பாக்கியும் அடங்க வேண்டும். குறிபார்க்கத் திறந்த சைட் மட்டும்தான். கண்ணாடி வில்லையோ லேசரோ பொருத்தக் கூடாது. கடையில் வாங்கும் போட்டித் துப்பாக்கி இதையெல்லாம் தானாகவே கடந்துவிடும். நம்மை மாட்டிவிடுபவை டிரிக்கரும் பிடியும்தான்.

டிரிக்கர் குறைந்தது 500 கிராம் எடையைத் தாங்க வேண்டும். போட்டிக்கு முன் துப்பாக்கியைப் பரிசோதிக்கும் மேசையில் குழலை மேல்நோக்கி நிறுத்தி, டிரிக்கரில் எடையை மாட்டி மெல்லத் தூக்குவார்கள். மேசையை விட்டு எடை கிளம்பும்வரை டிரிக்கர் விடுபடக் கூடாது. மூன்று முறை வாய்ப்பு. மாவட்டத்துக்கு வெளியே நான் போன முதல் போட்டியில் மூன்று முறையும் ‘டக்’ என்று விடுபட்டது.

“தம்பி, தாங்கவில்லை. சரிசெய்து கொண்டு வா” என்றார் அதிகாரி. கடுமையே இல்லாத குரல். எனக்குத்தான் கை நடுங்கியது. முந்தைய நாள் இரவு வீட்டில் பத்து முறை தூக்கிப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். வரிசையில் பின்னால் நின்ற அண்ணன் ஒருவர் தன் ஆலன் சாவியை நீட்டினார். திருகைக் கால் சுற்று இறுக்கியதும் எடை நின்றது. துப்பாக்கியில் ஒப்புதல் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். ஆனால் அன்று என் விரலுக்குப் பழகிய டிரிக்கர் அதுவல்ல. முதல் பத்துக் குண்டுகளிலேயே புள்ளிகள் போய்விட்டன.

ஊர் திரும்பியதும் வீட்டுச் சோதனைக்கு நான் வைத்திருந்த எடைக்கல்லை நகைக்கடை மின்தராசில் வைத்துப் பார்த்தேன். மண்டியில் கழித்துப் போட்ட பழைய அரைக்கிலோ இரும்புக்கல் அது. விளிம்பெல்லாம் தேய்ந்து வழுவழுவென்று இருக்கும். சைக்கிள் கம்பியை வளைத்து நான் மாட்டிய கொக்கியையும் சேர்த்து 494 கிராம்தான் காட்டியது. ஆறு கிராம்! அன்றே முத்திரையுள்ள பித்தளை எடை ஒன்று வாங்கினேன். டிரிக்கரை 520 கிராமில் வைத்தேன். 501இல் நிறுத்திப் பெருமைப்படுகிறவர்களைப் பார்க்கிறேன். எனக்கு அதில் உடன்பாடில்லை. போட்டி முடிந்த பிறகும் சிலரைத் தேர்ந்தெடுத்து மறுபடி தூக்கிப் பார்ப்பார்கள். அப்போது எடை தாங்காவிட்டால் போட்டியிலிருந்தே நீக்கம்தான். இன்னொன்று: டிரிக்கர் இரண்டு கட்டமாக நகரும்; முதல் கட்ட இழுவையைக் குறைத்தால் மொத்த எடையும் குறையும். எந்தத் திருகைத் தொட்டாலும் காற்று நிரப்பி, சுடும் நிலையில் வைத்து மறுபடி தூக்கிப் பாருங்கள்.

பிடி விஷயத்தில் பொறுமை வேண்டும். மரப்பிடி யார் கைக்கும் அப்படியே பொருந்தாது. மரப்புட்டி வைத்து நிரப்புவேன். காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்ப்பேன். நூறு குண்டு சுட்டுவிட்டு உள்ளங்கையில் எங்கே சிவந்திருக்கிறது என்று பார்ப்பேன். என் கட்டைவிரல் அடியில் ஒரு நெல்மணி அளவு மேடு இருந்தது. அதைக் கரைக்கவே இரண்டு மாதம் ஆனது. ஆர்வத்தில் புட்டியை மணிக்கட்டுவரை ஏற்றிவிடாதீர்கள். மணிக்கட்டுக்குத் தாங்கலே கூடாது. பிடியின் அடியில் உள்ள உள்ளங்கைத் தாங்கி மேல்நோக்கி வளைந்து கையைக் கவ்வுவதும் தவறு.

சுடும் கையில் கைக்கடிகாரம், காப்பு, பட்டை எதுவும் அணியக் கூடாது. எங்கள் மாரியம்மன் திருவிழாவும் ஒரு போட்டியும் ஒரே வாரத்தில் வந்த ஆண்டு, கட்டிய காப்பை இடையில் அவிழ்க்கக் கூடாது என்று அம்மா கலங்கிவிட்டார். பூசாரியிடம் போய்ச் சொன்னேன். “நீ கும்பிடுகிற மனசுதானப்பா அவளுக்கு வேண்டும்” என்று சொல்லி இடக்கையில் கட்டிவிட்டார்.

கணுக்கால் எலும்பை மூடாத ஷூவும், குழலில் குண்டு இல்லை என்று காட்ட அதன் முழு நீளத்துக்கும் உள்ளே போகும் பாதுகாப்புக் கொடியும் எப்போதும் பையிலேயே இருக்கும். பழைய துப்பாக்கி வாங்குபவர்கள் காற்றை அடைத்து வைக்கும் சிலிண்டரில் பொறித்த தேதியை முதலில் பாருங்கள். என்னுடையதில் 2013 என்று இருந்தது. பத்து ஆண்டுக் கெடு 2023இல் முடிந்ததும் புதியது வாங்கினேன். அந்தச் செலவை நான் எதிர்பார்த்திருக்கவில்லை.

டோக்கியோ ஒலிம்பிக்கில் 2021இல் இந்திய வீராங்கனை மனு பாக்கரின் துப்பாக்கி தகுதிச் சுற்றின் நடுவே பழுதாகி, இறுதிச் சுற்று கைநழுவிய நாளை மறக்க முடியவில்லை. 2024இல் பாரிஸில் அதே 10 மீட்டர் பிரிவில் அவர் வெண்கலம் வாங்கியபோது கிடங்கில் தனியாக உட்கார்ந்து அழுதேன். அதன் பிறகு, மாற்றுத் துப்பாக்கி கிடைக்கும் போட்டிகளில் அதையும் சோதனை மேசையில் வைக்காமல் நான் களம் இறங்குவதில்லை.

மே மாதம் பெங்களூரா மாங்காய் வரத்து தொடங்கிவிட்டால் கிடங்கில் நடக்கவே இடம் இருக்காது. கூடைகள் சுண்ணாம்புக் கோட்டை மூடிவிடும். அந்த வாரங்களில் மாடியறை வெள்ளைச் சுவருக்கு எதிரே நின்று, பெல்லட் இல்லாமல் தினமும் அறுபது முறை டிரிக்கரை மட்டும் இழுக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பித்தளை எடையை மாட்டித் தூக்கிப் பார்க்கிறேன்.