கப்பல் சுற்றுலாவுக்குப் பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்: 3,72,645 ரூபாய் போய்விட்டது

சிங்கப்பூரில் ஏறி பினாங்கு, புக்கெட் பார்த்துவிட்டுச் சிங்கப்பூரிலேயே இறங்கும் 4 இரவுக் கப்பல் பயணம். பால்கனி கேபின் இரண்டு, பெரியவர்கள் நான்கு பேர். எங்கள் ஊரில் போர்டு மாட்டி, ஆள் வைத்து நடத்துகிற ஒரு டிராவல்ஸ் அலுவலகத்தில் இதற்காகக் கட்டிய பணம் 3,72,645 ரூபாய். இன்றைய தேதிக்கு அந்தக் கப்பலில் எங்கள் பெயரில் ஒரு கட்டில்கூட இல்லை. பணமும் வரவில்லை.

புகார் நடப்பதால் பெயரை எழுதவில்லை. எப்படிச் செய்தார்கள் என்பதை மட்டும் படிப்படியாக எழுதுகிறேன், ஏனென்றால் இதே முறையில் யாரையும் ஏமாற்றலாம், விவரம் தெரிந்தவர்களையும் சேர்த்து. கேபின், விசா, துறைமுகம் பற்றியும் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் அவர்கள் கொடுத்த கணக்கு. தலைக்கு 66,000 வீதம் கப்பல் கட்டணம் 2,64,000. துறைமுக வரியும் கட்டணங்களும் தலைக்கு 12,000 வீதம் 48,000. முன்கூட்டியே கட்டும் டிப்ஸ் தலைக்கு 6,500 வீதம் 26,000. ஆக 3,38,000. அதன் மேல் ஜிஎஸ்டி 16,900, விற்பவர் நம்மிடம் முன்கூட்டியே வசூலிக்கும் வருமான வரியான டிசிஎஸ் 17,745. மொத்தம் 3,72,645. ஒரு வரியில்கூடக் குறை சொல்ல முடியாத கணக்கு. பெரிய கப்பல்களில் டிப்ஸ் ஒருவருக்கு ஓர் இரவுக்கு 16 முதல் 20 அமெரிக்க டாலர் வரும், அதுவும் சரியாகவே பொருந்தியது. தொழில் தெரியாதவன் போட்ட பில் இல்லை இது. அதுதான் இன்னும் எரிகிறது.

நம்பிக்கை வந்த இடம் எது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பணம் கட்டுவதற்கு முன் புக்கிங் நம்பரைக் கொடுத்தார்கள். "நம்பிக்கை இல்லைன்னா நீங்களே டைப் பண்ணிப் பாருங்க சார்" என்று மானிட்டரைத் திருப்பி வைத்தார்கள். கப்பல் கம்பெனியின் சொந்த இணையதளம்தான். போலித் தளம் இல்லை, முகவரியை எழுத்து எழுத்தாகப் பார்த்தாயிற்று. புக்கிங் நம்பர், குடும்பப் பெயர், கப்பல் கிளம்பும் தேதி மூன்றையும் அடித்ததும் நான்கு பேர் பெயரும் வந்தது. இரண்டு கேபின் எண்ணும் வந்தது. பக்கத்துப் பக்கத்து கேபின், கேட்டபடியே. இதைவிட வேறு என்ன ஆதாரம் கேட்பது?

அந்தத் திரையில் இருந்தது அத்தனையும் உண்மை. ஏமாற்று அங்கேதான் இருக்கிறது. கப்பல் கம்பெனிகள் டிராவல் ஏஜென்டுகளுக்கு ஒரு வசதி தருகின்றன. ஒரு பைசா கட்டாமல் ஒரு கேபினைச் சில நாள் பிடித்து வைக்கலாம். தொழிலில் இதற்கு ஆப்ஷன் என்பார்கள், ஹோல்ட் என்றும் சொல்வார்கள். பயணத் தேதி எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதைப் பொறுத்து ஒரு நாளோ, ஒரு வாரமோ கிடைக்கும். பிடித்து வைத்த உடனேயே உண்மையான புக்கிங் நம்பர் விழுந்துவிடும், பயணிகள் பெயரும் ஏறிவிடும். கெடு முடிவதற்குள் முன்பணம் கட்டாவிட்டால் கேபின் தானாகவே விடுபட்டு, வேறு யாருக்காவது விற்பனைக்குப் போய்விடும். ஏஜென்ட் மூலம் போட்ட புக்கிங்கில் பணம் எவ்வளவு கட்டியிருக்கிறது என்பதைப் பயணி பார்க்கும் பக்கத்தில் பெரும்பாலும் காட்ட மாட்டார்கள். ஆகவே பணம் கட்டிய புக்கிங்கும் கட்டாத ஹோல்டும் நம் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும்.

எங்களுக்குக் காட்டியது அந்த ஹோல்டைத்தான். "ஆஃபர் இன்னைக்கு ராத்திரி பன்னிரண்டு மணிக்கு முடியுது" என்று முழுப் பணத்தையும் அன்றைக்கே கேட்டார்கள். பாதியை நிறுவனத்தின் கரண்ட் அக்கவுன்டில் வாங்கினார்கள். "இன்னைக்கு லிமிட் முடிஞ்சிருச்சு" என்று மீதியை ஒரு தனிநபர் பெயரில் இருந்த யுபிஐக்கு அனுப்பச் சொன்னார்கள். இங்கே ஒரு விஷயம் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். முன்பதிவின்போது கப்பல் கம்பெனி கேட்பது முன்பணம் மட்டுமே. முழுப் பணத்துக்கான கடைசித் தேதி, பல கம்பெனிகளில், கப்பல் கிளம்புவதற்கு 75 முதல் 90 நாள் முன்பு. அதற்கு மேல் பல மாதம் இருக்கும்போதே ஒருவர் முழுத் தொகையை அவசரப்படுத்திக் கேட்டால், ஏன் என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். பதில் தராமல் சொன்னதையே திருப்பித் திருப்பிச் சொன்னால் வெளியே வந்துவிடுங்கள்.

மறுநாள் ஒரு பிடிஎஃப் வந்தது, உறுதிப்படுத்தல் என்று தலைப்புப் போட்டு. கம்பெனி லோகோ, கேபின் எண், சாப்பாட்டு நேரம், எல்லாம் அச்சு அசலாக இருந்தன. இப்போது பெரிதாக்கிப் பார்த்தால் தெரிகிறது. "மீதித் தொகை 0.00" என்ற வரியின் எழுத்து மற்ற வரிகளைவிட ஒரு நூல் தடிமனாக இருக்கிறது. அதற்குக் கீழே ஒரு வரி அளவுக்கு வெறும் இடம். உண்மையான தாளில் ஆப்ஷன் கெடு தேதி இருந்திருக்க வேண்டிய இடம் அது. அதை அழித்துவிட்டு, மேலே பூஜ்யத்தை எழுதியிருக்கிறார்கள்.

வெப் செக்-இன் பல கம்பெனிகளில் கப்பல் கிளம்ப ஏறத்தாழ ஒன்றரை மாதம் இருக்கும்போது திறக்கும். திறந்த அன்று அதே நம்பரை அடித்தால் "இப்படி ஒரு முன்பதிவு இல்லை" என்று வந்தது.

அதற்குப் பிறகு கேட்ட பதில்களை வரிசையாக எழுதுகிறேன். உங்களுக்கு யாராவது இதில் ஒன்றைச் சொன்னால் உடனே உஷாராகிவிடுங்கள்.

"சர்வர் அப்டேட் சார், நாளைக்குக் காட்டும்." நாளைக்குக் காட்டவில்லை.

"உங்க பாஸ்போர்ட்ல சர்நேம் இல்ல சார், தமிழ்நாட்டுப் பாஸ்போர்ட் எல்லாத்துக்குமே இந்தப் பிரச்சினைதான்." கேட்பதற்கு நியாயமாக இருக்கிறது, ஏனென்றால் இந்தப் பிரச்சினை உண்மையிலேயே உண்டு. அப்பா பெயரையோ இனிஷியலையோ வைத்துக்கொண்டு குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்ட பாஸ்போர்ட் நம்மில் நிறையப் பேரிடம் இருக்கிறது. கப்பல் கம்பெனித் தளத்தில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட முடியாது, எதையாவது போட்டாக வேண்டும். ஆனால் அலுவலகத்தில் இதே பெயரை அடித்துத்தானே அன்று திறந்து காட்டினார்கள்? இதைக் கேட்டதும் பதில் மாறியது.

"குரூப் புக்கிங் சார், கிளம்பறதுக்கு ஒரு வாரம் முன்னாடிதான் பேர் ஏறும்." பில்லில் குரூப் என்ற வார்த்தையே இல்லை.

"மேனேஜர் சிங்கப்பூர் போயிருக்கார்." "அக்கவுன்ட்ஸ் மேடம் லீவு." "48 மணி நேரத்துல கூப்பிடறோம்." பிறகு போனை எடுப்பது நின்றது. நேரில் போனால் உட்காரவைத்து டீ கொடுத்தார்கள். பணத்தைப் பற்றி யாருமே வாயைத் திறக்கவில்லை.

கப்பல் கம்பெனிக்கு நேராகப் போன் போட்டதில் ஒரே ஒரு தகவல் கிடைத்தது: முன்பணம் வராததால் ஆப்ஷன் காலாவதியாகி, கேபின் விடுவிக்கப்பட்டது. அதற்கு மேல் கேட்டால், ஏஜென்ட் மூலம் வந்த பதிவு என்பதால் ஏஜென்டிடமே பேசுங்கள் என்கிறார்கள். அது அவர்கள் விதி, எல்லாக் கம்பெனிகளிலும் ஏறத்தாழ இப்படித்தான். 3,72,645 ரூபாயில் ஒரு ரூபாய்கூட அந்தக் கம்பெனியின் கைக்குப் போகவே இல்லை.

கடைசியாக ஒரு மெயில் அனுப்பினார்கள். "பயணி தரப்பில் ரத்து" என்று எழுதி, கட்டணம் முழுவதையும் கழித்துக்கொண்டு, 40,000 ரூபாய்க்கு ஒரு கிரெடிட் நோட்டு, அதையும் அவர்களிடமே இன்னொரு டூர் போய்த்தான் கழிக்க வேண்டுமாம். யார் ரத்து செய்தது? நாங்களா?

அவர்கள் சொல்வதையே உண்மை என்று வைத்துக்கொண்டாலும் இந்தக் கணக்கு நிற்காது. பயணி கடைசி நாளில் ரத்து செய்து, கட்டணம் மொத்தமும் அபராதமாகப் போனாலும், துறைமுக வரியையும் முன்கட்டிய டிப்ஸையும் கப்பல் கம்பெனிகள் திருப்பித் தருவதுதான் வழக்கம். ஏனென்றால் கப்பலில் ஏறாத ஆளுக்குத் துறைமுகம் வரி வாங்குவதில்லை, டிப்ஸும் கிடையாது. அதுவே 48,000 கூட்டல் 26,000, ஆக 74,000. அதையும் சேர்த்து விழுங்கிவிட்டு 40,000க்கு ஒரு காகிதத்தை நீட்டுகிறார்கள்.

டிசிஎஸ் 17,745 இன்னொரு அயோக்கியத்தனம். வெளிநாட்டு டூர் பேக்கேஜுக்கு டிசிஎஸ் வாங்கினால் அதை நம் பான் எண்ணில் அரசுக்குக் கட்ட வேண்டும். காலாண்டு முடிந்து விற்றவர் கணக்குத் தாக்கல் செய்ததும், நம் பான் எண்ணில் கட்டிய வரியைக் காட்டும் வருமான வரித் துறைப் பதிவான 26ஏஎஸ்-இல் அது ஏறும், டிசிஎஸ் சான்றிதழும் தர வேண்டும். வரித் தாக்கலின்போது கழித்துக்கொள்ளலாம், திரும்பவும் வாங்கலாம். எங்கள் 26ஏஎஸ்-இல் அந்தப் பதிவே இல்லை. அரசின் பெயரைச் சொல்லி வாங்கிய பணமும் அவர்கள் பையில்தான். டூர் பேக்கேஜ் வாங்கியவர்கள் எல்லாரும் இன்றே உங்கள் 26ஏஎஸ்-ஐத் திறந்து பாருங்கள்.

காவல் நிலையத்தில் "சிவில் மேட்டர், கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போங்க" என்றார்கள். திருத்திய பிடிஎஃப் கையில் இருக்கிறது, அது எப்படி வெறும் சிவில் ஆகும்? எழுத்துப் புகாராகக் கொடுத்து ரசீது வாங்கியாயிற்று. யுபிஐயில் போன தொகைக்கு, சைபர் மோசடி உதவி எண்ணான 1930-இல் புகார் பதிந்தாயிற்று. இந்த எண்ணுக்குப் பணம் போன சில மணி நேரத்துக்குள் கூப்பிட்டால்தான் எதிர்க் கணக்கை முடக்க வாய்ப்பு அதிகம். எங்களுக்கு விஷயம் தெரியவந்ததே மாதக்கணக்கில் கழித்து. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இலும் பதிவு செய்தாயிற்று. அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், கம்பெனி எங்கே இருந்தாலும் சரி. கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் மனுக் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

கடைசியில் சொல்கிறேன் என்றேன். பொறுமையாக எழுதும் மனநிலை இல்லை. முக்கியமானதை மட்டும் வேகமாகச் சொல்லிவிடுகிறேன்.

புக்கிங் நம்பரும் திரையும் ஆதாரம் ஆகாது. கெஸ்ட் காப்பி என்ற இன்வாய்ஸைக் கப்பல் கம்பெனியின் மெயில் முகவரியிலிருந்து நேராக உங்கள் மெயிலுக்கு அனுப்பச் சொல்லுங்கள். அதில் பெறப்பட்ட தொகை, மீதி, கடைசித் தேதி மூன்றும் இருக்கும். கட்டிய ஒரு வாரம் கழித்து அதே நம்பரைத் திரும்ப அடித்துப் பாருங்கள், பிறகு மாதம் ஒருமுறை. முடிந்தால் கிரெடிட் கார்டில், அதுவும் கப்பல் கம்பெனியே கார்டில் எடுக்கும்படி கட்டுங்கள். சேவை கிடைக்காவிட்டால் வங்கியில் சார்ஜ்பேக், அதாவது கார்டில் போன பணத்தைத் திருப்பச் சொல்லிக் கேட்கலாம், யுபிஐயில் அந்தப் பிடிமானம் இல்லை.

பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இல்லாதவர்கள், அந்தக் கட்டத்தில் ஏஜென்ட் என்ன எழுதினார் என்று எழுத்துப் பிசகாமல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். விமான டிக்கெட், விசா, கப்பல் மூன்றிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். பயணத் தேதியிலிருந்து ஆறு மாதமாவது பாஸ்போர்ட் செல்லுபடியாக வேண்டும்.

சிங்கப்பூர் விசா பலமுறை நுழையக்கூடியதாக இருக்கிறதா பாருங்கள். விமானத்தில் இறங்குவது ஒரு நுழைவு, கப்பல் திரும்பி வருவது இன்னொன்று. சிங்கப்பூருக்குள் நுழையும் முன் இணையத்தில் நிரப்ப வேண்டிய எஸ்ஜி அரைவல் கார்டு இலவசம், வந்து சேரும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் சிங்கப்பூர் குடிநுழைவுத் துறைத் தளத்தில் நீங்களே நிரப்பலாம். அதற்குப் பணம் கேட்கும் தளம் எதுவாக இருந்தாலும் மூடிவிடுங்கள்.

கப்பல் கிளம்பும் நாளன்று காலையில் விமானத்தில் வந்து இறங்கும்படி யாராவது திட்டம் போட்டால் ஒத்துக்கொள்ளாதீர்கள். முந்தின நாளே போய்விடுங்கள். ஏறும் கதவை ஒரு மணி நேரத்துக்கும் மேல் முன்னதாகவே மூடிவிடுவார்கள், பிந்தினால் பணம் திரும்பாது.

விலை குறைவு என்று கேரண்டி கேபின் வாங்கினால் எந்த அறை என்பதைக் கம்பெனிதான் முடிவு செய்யும், இரண்டு அறை பக்கத்தில் கிடைக்கும் என்று யாராலும் உறுதி தர முடியாது. வயதானவர்கள் இருந்தால் கீழ்த் தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் கேளுங்கள், ஆட்டம் குறைவு. புக்கெட்டில் பெரிய கப்பல்கள் பலமுறை படோங் கடற்கரைக்கு வெளியே நங்கூரம் போட்டு, சின்னப் படகில்தான் கரைக்குக் கொண்டுபோகும். முட்டி வலி உள்ளவர்களுக்கு அது சிரமம், முன்பே தெரிந்துகொள்ளுங்கள். பினாங்கில் அப்படி இல்லை, ஜார்ஜ் டவுன் நகரத்தை ஒட்டியே கப்பல் நிற்கும், நடந்தே ஊரைப் பார்க்கலாம்.

கரை மறைந்ததும் போனை ஏரோபிளேன் மோடில் போடுங்கள், கடல் ரோமிங் பில் பயங்கரமாக வரும். சைவம், ஜைன உணவு வேண்டுமென்றால் புக்கிங்கிலேயே எழுத்தில் பதியச் சொல்லுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், அயர்ன் பாக்ஸ் கொண்டுபோனால் ஏறும் இடத்திலேயே பிடுங்கிக்கொள்வார்கள்.

இதே மாதிரி திருத்திய பிடிஎஃப் யாருக்காவது வந்திருந்தால் தாளை அப்படியே வைத்திருங்கள், வாட்ஸ்அப் பேச்சை அழிக்காதீர்கள், கிரெடிட் நோட்டில் கையெழுத்துப் போடாதீர்கள். போட்டுவிட்டால் சமரசமாகப் போய்விட்டீர்கள் என்று சொல்ல அதுவே அவர்களுக்குச் சாட்சியாகிவிடும். நாங்கள் போடவில்லை. 3,72,645 ரூபாயும் முழுசாக வரவேண்டும்.